மூன்று லட்சம் புள்ளிகளும் ஓர் அலாஸ்கா கப்பலும்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஆர்லாண்டோவில், பாதி விலையில் கேளிக்கைப் பூங்கா டிக்கெட் தருகிறார்கள் என்பதற்காக 90 நிமிடப் பேச்சு ஒன்றைக் கேட்கப் போனோம். ஐந்து மணி நேரம் கழித்து, டைம்ஷேர், அதாவது ஓய்வு விடுதிகளில் ஆண்டுதோறும் சில நாள் தங்கும் உரிமை, வாங்கியவர்களாக வெளியே வந்தோம். புளோரிடா சட்டப்படி கையெழுத்திட்ட 10 நாட்களுக்குள் ரத்து செய்துவிடலாம். அது ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. நாங்கள் ஒப்பந்தத்தைப் படித்தது பதினான்காம் நாள்.

அன்றிலிருந்து எங்கள் கணக்கில், விடுதியில் தங்கக் கொடுப்பதற்கான புள்ளிகள் ஆண்டுக்கு 1,60,000 விழுகின்றன. சும்மா விழுவதில்லை. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 1,120 டாலர், அதாவது ஆயிரம் புள்ளிக்கு 7 டாலர். நாங்கள் தங்கினாலும் தங்காவிட்டாலும் கட்டியாக வேண்டும். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமனாரிடம் இதை விளக்கியபோது, "ரேஷன் கார்டு மாதிரியா? இந்த மாதம் வாங்காவிட்டால் போய்விடுமா?" என்று கேட்டார். ஏறக்குறைய அதேதான். இதில் கார்டுக்கும் நாமே பணம் கட்ட வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் எங்கும் போக முடியாமல் புள்ளிகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளித் தள்ளி, கடைசியில் 3,00,000 புள்ளிகள் சேர்ந்துவிட்டன. அவற்றை இனி மேலும் தள்ள முடியாது. டிசம்பர் 31 வந்தால் எல்லாம் பூஜ்யம். மாமாவும் அத்தையும் மே மாதம் டல்லாஸ் வருவதாக இருந்தார்கள். ஆறு பேரும் ஜூலையில் சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் ஏழு இரவுக் கப்பலில் போகலாம் என்று ஜனவரியில் முடிவு செய்தோம்.

டைம்ஷேர் நிறுவனத்தில் கப்பலுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. தொலைபேசியில் பேசிய பெண் "உங்கள் புள்ளிகளைக் கொண்டே கப்பலில் போகலாம்" என்று தேனொழுகச் சொன்னார். கொண்டே என்றால் முழுக்கவும் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆயிரம் புள்ளிக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று மூன்று முறை கேட்ட பிறகுதான் பதில் வந்தது: 4 டாலர். மூன்று லட்சத்துக்கு 1,200 டாலர். சரி, கிடைத்தவரை லாபம் என்று நினைத்தால், அதே கப்பல், அதே தேதி, அதே வகை அறைகளுக்குக் கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த விலை, இவர்கள் சொன்னதைவிட 340 டாலர் குறைவு. ஆகவே உண்மையில் கழிவு 860 டாலர். கப்பலுக்குள் செலவழிக்க 200 டாலர் வரவு தருவதாகச் சொன்னார்கள், அதையும் சேர்த்தால் 1,060. அந்தப் புள்ளிகளுக்காக நாங்கள் கட்டியிருந்த பராமரிப்புக் கட்டணம் 2,100.

பாதி விலைக்கு விற்பதா என்று என் கணவருக்குக் கோபம். ஆனால் ஆறிப்போன காபிக்கு வாங்கிய விலையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. டிசம்பருக்குள் வேறு எதற்கும் பயன்படுத்த வழியில்லாத புள்ளிகள் அவை. எனவே காலாவதியாகப்போகும் மூன்று லட்சத்தை மட்டும் கப்பலுக்குத் தள்ளிவிட்டு, புது ஆண்டுப் புள்ளிகளைத் தொடவில்லை. அவற்றைக் கொண்டு ஓய்வு விடுதியில் தங்கினால் ஆயிரம் புள்ளிக்கு 9, 10 டாலர் வாடகை மிச்சமாகிறது. "அடுத்த ஆண்டுப் புள்ளிகளையும் முன்கடனாக எடுத்துக்கொண்டால் பால்கனி அறையே வாங்கலாமே" என்று அந்தப் பெண் இரண்டு முறை தூண்டில் போட்டார். அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். துறைமுக வரி, பணியாளர்களுக்கான அன்றாட அன்பளிப்பு இவை எதையும் புள்ளியில் கட்ட முடியாது என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கு ஏழு நாள் அன்பளிப்பு என்பது சின்னத் தொகை இல்லை.

இனிதான் உண்மையான தலைவலி. "சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குகிறீர்கள், பாஸ்போர்ட்கூடத் தேவையில்லை" என்றார் அதே பெண். அவர் சொன்னது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் பொருந்தும். எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் சரி. எனக்கும் கணவருக்கும் கிரீன் கார்டும் பாஸ்போர்ட்டும் போதும். மாமாவும் அத்தையும் இந்தியப் பாஸ்போர்ட்டில், அமெரிக்கச் சுற்றுலா விசாவில் வருகிறவர்கள். அவர்களுக்குக் கனடா விசா கட்டாயம்.

அலாஸ்கா போகும் கப்பல் கனடாவில் ஏன் நிற்கிறது என்று அத்தை கேட்டார். நல்ல கேள்வி. வெளிநாட்டுக் கொடி பறக்கும் பயணிகள் கப்பல், நடுவே ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே இப்படிச் சுற்றுப்பயணம் நடத்தக்கூடாது என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பெரிய சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கொடிதான். அதற்காகவே கடைசி இரவில் விக்டோரியாவில் சில மணி நேரம் நிறுத்துகிறார்கள். கப்பலைவிட்டு இறங்காமல் அறையிலேயே உட்கார்ந்திருந்தாலும் விசா வேண்டும். ஆளுக்கு விண்ணப்பக் கட்டணம் 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. இருவருக்கும் 370. மாமாவும் அத்தையும் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய் கைரேகை கொடுத்துவிட்டு வந்தார்கள். பாஸ்போர்ட் கைக்கு வர ஏழு வாரம் ஆனது. அவர்கள் ஊரில் இருக்கும்போதே இதை முடித்தது நல்லதாகப் போயிற்று. இங்கே வந்தபின் தொடங்கியிருந்தால் கப்பல் போயே போயிருக்கும்.

விசாவை முடித்தால் பெயர்ப் பிரச்சினை. தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாமாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. அமெரிக்க விசாவில் முழுப் பெயரையும் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சிட்டிருக்கிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். 71 வயதில் பெயர் தெரியாத மனிதராகிவிட்டேனே என்று மாமா சிரித்தார். பதிவு செய்த பெண், கட்டம் காலியாக இருக்கக்கூடாதென்று தாமாகவே ஓர் இனிஷியலைப் போட்டு வைத்திருந்தார். கப்பல் நிறுவனத்தின் செயலியில் பாஸ்போர்ட்டைப் பதிவேற்றினால், பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியது. கப்பல் நிறுவனத்தைக் கூப்பிட்டால், "உங்கள் பதிவு முகவர் கையில் இருக்கிறது, அவர்கள் சொன்னால்தான் மாற்றுவோம்" என்றார்கள். டைம்ஷேர் பிரிவைக் கூப்பிட்டால் காத்திருப்பு இசை. நான்கு அழைப்புகள், 11 நாட்கள். புள்ளிகளால் மிச்சமான பணத்துக்கு இதையும் விலையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரடியாகக் கப்பல் நிறுவனத்திடம் வாங்கியிருந்தால் ஒரே அழைப்பில் முடிந்திருக்கும்.

இதற்கிடையில் கரைச் சுற்றுலாக்களைத் திட்டமிடும் வேலை. ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிகன் என்று மூன்று அலாஸ்கா ஊர்கள். கப்பல் வழியாக வாங்கினால் விலை கூடுதல். ஆனால் சுற்றுலா தாமதமானால் அது அவர்கள் பொறுப்பு. வெளியே நாமாக ஏற்பாடு செய்தால் மலிவு. தாமதமானால் கப்பல் கையசைத்துவிட்டுப் போய்விடும். மூட்டு வலிக்கார மாமியார், 13 வயதில் ஒருத்தி, 8 வயதில் ஒருவன் என்று என் படையைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கப்பல் வழியாக, ஒரு நாள் வெளியே, ஒரு நாள் எதுவும் வாங்காமல் என்று பிரித்தேன். ஹெலிகாப்டரில் பனியாற்றின் மேல் இறங்கும் சுற்றுலாவை மகள் காட்டினாள். விலையைப் பார்த்துவிட்டு நானும் காட்டினேன், வேறு பக்கத்தை.

கப்பல் வழியாக வாங்கியது ஸ்காக்வே ரயில். அந்த 200 டாலர் வரவு இதற்கே போனது. வெளியே டிக்கெட் வாங்கியவர்கள் ஊருக்குள் இருக்கும் நிலையம்வரை போய் ஏற வேண்டும். கப்பல் வழியாகப் போனால் ரயில் துறைமுகத்துக்கே வந்து நிற்கும். அத்தையின் மூட்டுக்காக அந்த வித்தியாசத்தைக் கொடுத்தேன்.

ஒயிட் பாஸ் அண்ட் யூகான் ரூட் என்பது அந்த ரயில் பாதையின் பெயர். கனடாவின் கிளாண்டைக் பகுதிக்குத் தங்கம் தேடிக் கூட்டம் கூட்டமாகப் போன காலத்தில், 1898இல் தொடங்கி 1900இல் முடித்திருக்கிறார்கள். 20 மைலுக்குள் ஏறக்குறைய 3,000 அடி ஏறுகிறது. மாமா முதல் நாளே இதையெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தார். தண்டவாளங்களுக்கு இடையே மூன்றடி அகலம்தான், நம் ஊட்டி ரயிலின் மீட்டர் கேஜைவிடக் குறுகல். "ஊட்டியில் பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றம், அதனால் பல்சக்கரம் வைத்திருக்கிறோம். இதில் இருபத்தாறடிக்கு ஓரடி, பல்சக்கரம் இல்லாமலேயே சமாளிக்கிறான்" என்று பக்கத்து இருக்கை அமெரிக்கருக்குத் தமிழும் ஆங்கிலமும் கலந்து பாடம் நடத்தினார். ஊட்டி ரயிலின் நீராவி எஞ்சின்களைப் பழுது பார்ப்பது பொன்மலைப் பணிமனைதான் என்பதையும் மறக்காமல் சொன்னார். அந்த மனிதரும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டது ஆச்சரியம்.

போகும்போது இடப்பக்கம்தான் பள்ளத்தாக்குத் தெரியும் என்று எங்கோ படித்துவிட்டு, நாங்கள் முண்டியடித்து இடப்பக்கம் பிடித்தோம். உச்சியில் எஞ்சினை மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்டினார்கள். எல்லோரும் இருக்கையைத் திருப்பிப் போட்டுப் பக்கம் மாறி உட்காருங்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். முண்டியடித்தது வீண். வழியில் செத்த குதிரைப் பள்ளம் என்றொரு இடம் வருகிறது. ஓர் ஆண்டுக்கான உணவும் சாமானும், ஏறக்குறைய ஒரு டன், கையில் இருந்தால்தான் கனடாவுக்குள் விடுவோம் என்று அந்நாட்டுக் காவல்படை சொன்னதால், தங்கம் தேடிப் போனவர்கள் குதிரைகள் மேல் அத்தனையையும் ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் கணவாயில் மட்டும் 3,000 குதிரைகள் செத்திருக்கின்றன. அதுவரை தொணதொணத்துக்கொண்டிருந்த மகன் அதன்பின் வெகுநேரம் பேசவில்லை.

ஜூனோவில் திமிங்கிலம் பார்க்கும் படகை நாங்களே வெளியே ஏற்பாடு செய்தோம். சின்னப் படகு, கூட்டம் குறைவு. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இரண்டு, வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு மூழ்கின. கோடையில் இங்கே வயிறு நிறையத் தின்றுவிட்டு, குளிர்காலத்தில் ஹவாய்க் கடலுக்குப் போய் ஏறக்குறைய எதுவுமே தின்னாமல் இருக்கும் என்று படகோட்டி சொன்னதை மொழிபெயர்த்தேன். "நம்மால் ஒரு ஏகாதசி இருக்க முடியவில்லை" என்றார் அத்தை.

அதோடு கப்பலுக்குத் திரும்பியிருக்க வேண்டும். நான்தான், இவ்வளவு தூரம் வந்துவிட்டு மெண்டன்ஹால் பனியாற்றைப் பார்க்காமல் போவதா என்று எல்லோரையும் அங்கே இழுத்துப்போனேன். ஊரிலிருந்து 12 மைல். பனியாறும் பக்கத்தில் விழும் நக்கெட் அருவியும் கண்ணைவிட்டு அகலாதவை, அதைக் குறை சொல்ல மாட்டேன். திரும்பும் வண்டிக்கு வரிசை அனுமார் வால். முதல் வண்டி நிரம்பிவிட்டது. இரண்டாவதும் நிரம்பிவிட்டது. மாமாவின் கைக்கடிகாரம் எப்போதும் இந்திய நேரம், என் கைபேசி அலாஸ்கா நேரம், கணவரின் கடிகாரம் இன்னும் சியாட்டில் நேரம், அதாவது ஒரு மணி நேரம் முன்னால். அவர் கப்பல் போய்விட்டதென்றே நம்பி முகம் வெளுத்துப்போனார். கப்பல் கிளம்புவதற்கு அரை மணி முன்பே கதவை அடைத்துவிடுவார்கள். அதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏறினோம். அன்றிரவு யாரும் என்னிடம் அதிகம் பேசவில்லை. இரண்டு இடம் பார்ப்பதானால் தூரமானதை முதலில் முடித்துவிடுங்கள், கடைசி வண்டியை நம்பி எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கெச்சிகனில் எதுவும் வாங்கவில்லை. அங்கே மழை பெய்யாத நாளைத் தேட வேண்டும் என்பார்கள், எங்களுக்கும் பெய்தது. குடை பிடித்துக்கொண்டு அங்குள்ள பழங்குடியினர் மரத்தில் செதுக்கிய குலக்கம்பங்களைப் பார்த்தோம். கழுகும் கரடியும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதைப் பார்த்து, ஊர் எல்லையில் அய்யனார் கோயில் குதிரைகளைப் பார்ப்பதுபோல் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இத்தனை திட்டத்தில் எதுவும் செலவழிக்காத நாள்தான் எல்லோருக்கும் பிடித்த நாள். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு சொகுசுக் கப்பல்களை மட்டுமே விடுகிறார்கள். பூங்கா அலுவலர்கள் கப்பலிலேயே ஏறி வந்து ஒலிபெருக்கியில் விளக்குகிறார்கள். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் மெல்லத் திரும்பி இரு பக்கமும் காட்டுகிறது. அதனால் எந்தப் பக்கத்து அறை என்று கவலைப்பட வேண்டியதில்லை. பனிச்சுவரிலிருந்து ஒரு துண்டு உடைந்து விழுந்தது. விழுந்ததைப் பார்த்துச் சற்று நேரம் கழித்துத்தான் இடிச் சத்தம் காதுக்கு வந்தது. மகன் எண்ணிக்கொண்டே இருந்தான்.

திரும்பும் வழியில் திறந்த கடலில் கப்பல் ஆடியது. அத்தை கொண்டுவந்திருந்த சுக்குப் பொடி ஆறு பேருக்கும் தேவைப்பட்டது. சைவச் சாப்பாட்டை முதல் நாளே உணவுக்கூட மேற்பார்வையாளரிடம் சொல்லிவைத்திருந்ததால், தினமும் இரவு பருப்பும் ஒரு காய்கறிக் குழம்பும் தனியாக வந்துகொண்டிருந்தன. அன்று மட்டும் யாரும் தொடவில்லை.

கடைசி இரவு விக்டோரியா. எல்லோருக்கும் களைப்பு. இறங்க வேண்டாம் என்றேன். "விசாவுக்குப் பணம் கட்டியிருக்கிறோமே" என்று அத்தை செருப்பை மாட்டிவிட்டார். மாகாணச் சட்டமன்றக் கட்டடத்தின் விளக்குகளைப் பார்த்துவிட்டு, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தப் பொம்மை ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினோம். போகும்போதும் வரும்போதும் அந்த விசாவை ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை. அதுதான் அத்தைக்குப் பெரிய ஏமாற்றம்.

மாமா பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விசா பல ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் என்று அப்போதுதான் கவனித்திருக்கிறார். "நயாகராவைக் கனடா பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அழகாம். அங்கே தங்குவதற்கு எத்தனை புள்ளி ஆகும்?" என்று கேட்டார். மறுநாள் காலை சியாட்டிலில் பெட்டிகளுக்காகக் காத்திருந்தபோது அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.