ஆற்றல் ஓட்டத்தில் நான் விட்ட ஒரு வினா

தேர்வு முடிவு வந்து மூன்று நாள் ஆகிறது. இந்த முறை தேறிவிட்டேன். போன முறை கட்-ஆஃபுக்கு ஒரே ஒரு வினா குறைந்தது. அது எந்த வினா என்று எனக்குத் தெரியும், இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

புல்வெளியில் 1,00,000 ஜூல் ஒளி விழுகிறது. அதில் 1 விழுக்காட்டைப் புல் பிடித்துவைக்கிறது. புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்று போகும் சங்கிலியில் பாம்புக்கு எவ்வளவு? நடுவில் இருந்த அந்த 1 விழுக்காடு வரியை நான் படிக்கவே இல்லை. பத்து விழுக்காடு விதிதானே என்று கை பாட்டுக்குப் பத்தால் வகுத்துக்கொண்டே போனது. 10 என்று குறித்துவிட்டு வந்தேன். சரியான விடை 1.

ஆகவே மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்: பத்து விழுக்காடு என்பது ஓர் ஊட்ட மட்டத்திலிருந்து, அதாவது உணவுச் சங்கிலியின் ஒரு படியிலிருந்து, அடுத்த ஊட்ட மட்டத்துக்குப் போகும் ஆற்றல். சூரியன் ஊட்ட மட்டம் இல்லை. ஒளியிலிருந்து இலைக்கு வரும் கணக்கே வேறு.

இது எனக்கு உறைத்தது அமெரிக்கச் சூழலியலாளர் லிண்டெமனைப் படித்த பிறகுதான். 1942-இல் வந்த அவருடைய ஆய்வுக் கட்டுரையிலிருந்துதான் இந்தப் பாடமே கிளைத்தது. மினசோட்டாவின் சீடார் பாக் ஏரியில் அவர் கணக்கிட்ட திறன்கள் (முந்தைய படியின் ஆற்றலில் ஒவ்வொன்றும் எடுத்துக்கொண்ட பங்கு; உற்பத்தியாளருக்கு ஒளியில்): உற்பத்தியாளர் 0.1 விழுக்காடு, முதல்நிலை நுகர்வோர் 13.3, இரண்டாம்நிலை நுகர்வோர் 22.3. சரியாகப் பத்து எங்கேயும் இல்லை! அது ஒரு தோராயச் சராசரி. வினாவில் எண் கொடுத்திருந்தால் அந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். கட்டுரை அச்சில் வரும் முன்பே, 27 வயது நிறையாமலே, அவர் இறந்துவிட்டார். அதைப் படித்த இரவு அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

நான் மெதுவாகப் படிக்கிற ஆள். மனப்பாடம் எனக்கு நிற்காது. அதனால் ஒவ்வொரு கணக்கிலும் "மீதி எங்கே போனது?" என்று ஓரத்தில் எழுதிப் பழகினேன். ஒரு கம்பளிப்பூச்சி 200 ஜூல் இலை தின்றால், 100 கழிவாகப் போகிறது, 67 சுவாசத்தில் செலவாகிறது, 33 தான் உடம்பாகிறது. அடுத்து வரும் பறவைக்குக் கிடைப்பது அந்த 33-இலிருந்துதான், அதுவும் பூச்சி பிடிபட்டால். கழிவில் போன 100 வீணாவதில்லை, சிதைப்பவை எடுத்துக்கொள்கின்றன. சுவாசத்தில் வெப்பமாகப் போன 67 மட்டும் எந்த உயிருக்கும் திரும்ப வராது. பொருள் சுழல்கிறது, ஆற்றல் ஒரே திசையில் போகிறது என்று பாடத்தில் வரும் வரி இதைத்தான் சொல்கிறது.

மறுபார்வைக்கு நான் வைத்திருந்தவை:

- நிகர உற்பத்தி = மொத்த உற்பத்தி (ஒளிச்சேர்க்கையில் தாவரம் சேர்க்கும் முழு ஆற்றல்) − தாவரத்தின் சுவாசம். தாவர உண்ணிக்குக் கிடைப்பது நிகரம்தான்.
- கம்பளிப்பூச்சியின் உற்பத்தித் திறனை (உட்கவர்ந்ததில் உடம்பான பங்கை) கேட்டால் 33-ஐ 200-ஆல் வகுக்காதீர்கள். கழிவு போக உட்கவர்ந்தது 100 தான், ஆகவே 33 விழுக்காடு.
- ஆற்றல் பிரமிடு (ஒவ்வொரு ஊட்ட மட்டத்தின் ஆற்றலையும் அடுக்கிக் காட்டும் படம்) ஒருபோதும் தலைகீழாகாது. உயிர்த்திரள் (உயிர்களின் மொத்த எடை) பிரமிடு தலைகீழாகலாம்.
- காட்டில் பெரும்பங்கு ஆற்றல் மட்குப்பொருள் உணவுச் சங்கிலி (உதிர்ந்த இலை, இறந்த உடல் போன்றவற்றில் தொடங்குவது) வழியாகப் போகிறது. மேய்ச்சல் சங்கிலியை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள்.

இந்த முறை கடலின் தலைகீழ் உயிர்த்திரள் பிரமிடைக் கேட்டிருந்தார்கள். குறைந்த எடையுள்ள தாவர மிதவை உயிரிகள் தம்மைவிட அதிக எடையுள்ள விலங்கு மிதவை உயிரிகளை எப்படித் தாங்குகின்றன என்பதுதான் வினா. வரி வரியாக விரல் வைத்து இரண்டு முறை படித்தேன். உயிர்த்திரள் என்பது அந்த நேரத்து இருப்பு, ஆற்றல் என்பது ஆண்டு முழுக்க ஓடும் வரவு. தாவர மிதவை உயிரிகள் சில நாட்களிலேயே பெருகுகின்றன, பெருகப் பெருகத் தின்னப்படுகின்றன, அதனால் இருப்பு எப்போதும் சிறிதாகவே தெரிகிறது. ஓரத்தில் இதை எழுதிப் பார்த்த பிறகுதான் விடையைக் குறித்தேன். நான்கு நிமிடம் ஆனது.