ட்ரயலுக்கு எந்த வாகனம் கொண்டு போவது?

திருகோணமலையில் லைசன்ஸுக்குப் படிக்கிற பிள்ளைகள் எழுத்துப் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிக்கிறார்கள். ட்ரயலுக்கு, அதாவது ஓடிக்காட்டும் பரீட்சைக்கு, எந்த வாகனம் என்பதை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நான் சித்தப்பாவின் காரில் போனவள். முதலில் முடிவெடுக்க வேண்டியதே அதுதான் என்பேன்.

வீட்டில் நிற்பது ஒட்டோ கியர் கார் என்றால் அதிலேயே போகத்தான் மனம் சொல்லும். ஆனால் அதில் ட்ரயல் கொடுத்தால் லைசன்ஸும் ஒட்டோ கியருக்கு மட்டும்தான். நாளைக்கு வேலையிடத்தில் கியர் வான் ஒன்றைத் தந்தால் தொட முடியாது. கியர் காரிலேயே கொடுங்கள். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுத்துப் பழகினால் கிளட்ச் பயம் போய்விடும்.

வாகனம் லைசன்ஸ் வகுப்போடும் பொருந்த வேண்டும். காருக்கு பி, முச்சக்கரவண்டிக்கு பி1. மோட்டார் சைக்கிள் என்றால் 100 சிசி வரை ஏ1, அதற்கு மேல் ஏ.

லேனர்ஸ், அதாவது ஓடப் பழக்குகிற பள்ளியின் வாகனத்தில் போவதென்றால், அன்றைக்கு எந்தக் கார் வரும் என்று கேட்டு அதிலேயே ஓடிப் பழகுங்கள். ஒரே மொடல் கார் இரண்டிலும்கூட கிளட்ச் பிடிக்கிற இடம் வேறாக இருக்கும். கோட்டைப் பக்கம் மான்கள் திடீரென்று குறுக்கே வரும். பிரேக் எவ்வளவு அழுத்தினால் எங்கே நிற்கும் என்று காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உறவினரின் கார் என்றால் வேலை கூட. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதி, இன்சூரன்ஸ் திகதி இரண்டையும் நீங்களே வாசியுங்கள். "எல்லாம் இருக்கு பிள்ளை" என்று சித்தப்பா சொன்னாலும் வாசியுங்கள். முன்னும் பின்னும் எல் போர்ட் கழலாமல் இருக்க வேண்டும். பிரேக் லைட் பார்க்க ஆள் இல்லையா? பொழுதுபட்ட பிறகு காரின் பின்பக்கத்தைச் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோய் பிரேக்கை அழுத்துங்கள். சுவரில் இரண்டு பக்கமும் சிவப்பு விழுந்தால் சரி. ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் பல்ப் மாற்றிவிடுங்கள். அப்படியே சிக்னலையும் பார்த்துவிடலாம்.

அப்புறம், எல் போர்ட் காரை நீங்கள் தனியே ஓட்டிக்கொண்டு போக முடியாது. லைசன்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவருக்கு அன்றைக்கு லீவு கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அவருடைய லைசன்ஸ் முடியும் திகதியையும் வாங்கிப் பாருங்கள், மூத்தவர் என்று கூச்சப்பட வேண்டாம்.