5040: லாக் டேபிளில் போட்டுப் பார்த்தது

ராபின் சமனின்மை என்ற கணக்கில் 5040 ஒருவழியாக மசிந்தது. கால்குலேட்டரைத் தொடவே இல்லை. கிளார்க் டேபிள் என்ற மடக்கை (லாக்) அட்டவணைப் புத்தகம், பென்சில், ஒரு நீள நோட்டு, அவ்வளவுதான்.

ராபின் சமனின்மையை இங்கே விரிவாக விளக்கப் போவதில்லை, சுருக்கம் மட்டும். ஓர் எண்ணின் காரணிகளின் கூட்டுத்தொகையை அந்த எண்ணால் வகுத்தால் இடப்பக்கம்; எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடி இயல் மடக்கை எடுத்து 1.7811-ஆல் பெருக்கினால் வலப்பக்கம். இடப்பக்கம் சிறிதாக இருக்க வேண்டும் என்பதே சமனின்மை. இடப்பக்கம் பெரிதாக வருபவை, தெரிந்தவரை, 2 முதல் 5040 வரை 27 எண்கள். 5040-ஐத் தாண்டி இன்னொன்று சிக்கினால், பகா எண்களின் பரவலோடு தொடர்புடைய, இன்னும் நிறுவப்படாத ரீமான் கருதுகோள் காலி. சிக்கவே சிக்காது என்றால் அது உண்மை. ராபின் இதை நிறுவியது 1984-இல்.

5040 = 2⁴×3²×5×7. காரணிகளின் கூட்டுத்தொகை 31×13×6×8 = 19344. வகுத்தால் 3.8381. வலப்பக்கம்தான் உயிரை வாங்குகிறது. என் பழைய பிரதியில் இயல் மடக்கைப் பக்கம் கிழிந்துபோனதால், பத்தடிமான மடக்கையை எடுத்து ஒவ்வொரு முறையும் 2.3026-ஆல் பெருக்க வேண்டும். 3.7024, பெருக்கினால் 8.525. அதற்கு மறுபடி லாக் 0.9307, மறுபடி பெருக்கல், 2.143. கடைசியில் 3.817. இடப்பக்கம் ஜெயித்தது, 0.021 வித்தியாசத்தில். நாலு இலக்க டேபிளுக்கு இது தாராளம்.

தாராளமில்லாதது 720. இடப்பக்கம் 3.3583, வலப்பக்கம் 3.3556. 27 எண்களில் இவ்வளவு நெருக்கம் வேறெதிலும் இல்லை. இரண்டாவது லாக்கில் கடைசி இலக்கம் ஒன்று புரண்டால் விடை 0.0004 நகரும், ஏழு புரண்டால் தீர்ப்பே மாறிவிடும். 720-இன் முதல் லாக் 6.579, அதன் 9-க்கு ஓரத்து வித்தியாசப் பத்தியைத்தான் பார்க்க வேண்டும். கும்பகோணத்தில் வாங்கிய புதுப் பதிப்பில் அந்தப் பத்தி மை அப்பி, 6 எது 8 எது என்று தெரியவில்லை. கடைக்காரரிடம் காட்டினால், "இப்ப யார் சார் இதெல்லாம் பாக்குறாங்க?" என்கிறார். கிழிந்த பிரதிதான் கடைசியில் காப்பாற்றியது. லாக் டேபிள் வாங்குகிறவர்கள் ஓரப் பத்தியைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

எதிலும் வகுபடும் என்று பேர் வாங்கிய 5040, நம்ம ஊர் நெல் அளவில் இடறுகிறது. கலத்துக்கு 12 மரக்கால், மரக்காலுக்கு 8 படி, ஆக 96 படி. 5040 படி என்பது 52 கலம் 6 மரக்கால். ஒரு 2 குறைச்சல். அடுத்த எண் 5041 = 71². 5040 என்பது 7!, அதாவது 1 முதல் 7 வரை பெருக்கியது; அதனுடன் 1 கூட்டினால் வர்க்கம். இப்படி வர்க்கம் தருபவை 4!, 5!, 7! தவிர வேறு உண்டா என்று ராமானுஜன் 1913-இல் கேட்டது இன்னும் திறந்தே கிடக்கிறது. ரீமான் கருதுகோள் உண்மையானால் போதுமான அளவு பெரிய எண்களுக்கெல்லாம் இந்தச் சமனின்மை நிற்கும் என்பதும் அவர் 1915 வாக்கில் எழுதி வைத்ததுதான். லண்டன் கணிதச் சங்கத்தின் பணத் தட்டுப்பாட்டில் அந்தப் பகுதி அச்சேறாமல் நின்று, 1997-இல்தான் வெளிவந்தது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல் இதில்தான்.

7560 (இடம் 3.810, வலம் 3.900), 10080 (இடம் 3.900, வலம் 3.956) இரண்டும் சமனின்மைக்கு அடங்கிவிட்டன. இப்போது கையில் 55440, அதாவது 5040-ஐப் பதினொன்றால் பெருக்கியது. இடப்பக்கம் 4.1870 வந்துவிட்டது. வலப்பக்கத்தை ஏழு இலக்க டேபிளில் போட ஆசை. தஞ்சாவூர் பழைய புத்தகக் கடைகளில் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், ஓரப் பத்தி தெளிவாக இருந்தால் மட்டும்.