செண்பகனூர்க் குச்சிப்பூச்சிக்கு ஒரு கூண்டு: ஒன்பது மாத அனுபவம்

கடந்த ஜூன் மாதம் இரண்டாம் வாரத்தில், எங்கள் வீட்டு வேலியோரம் அடர்ந்து கிடந்த காட்டு ராஸ்பெர்ரிப் புதரைக் கழித்துக்கொண்டிருந்தபோது, வெட்டிப் போட்ட கிளையில் ஒரு குச்சி தானாக எழுந்து நடந்தது. கையை அருகே கொண்டுபோனதும் அது முன்கால்களைத் தலைக்கு முன்னால் நேராக நீட்டிக்கொண்டு, விறைத்துப்போய்த் தரையில் விழுந்துவிட்டது. ஐந்து நிமிடம் கழித்துத்தான் அதற்கு உயிர் இருப்பது மீண்டும் தெரிந்தது. அந்தக் கிளைகளையே பொறுமையாகத் தேடியதில் இன்னும் இரண்டு கிடைத்தன. மூன்றும் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் நீளம் இருந்தன. இரண்டு பச்சை, ஒன்று பழுப்பு.

அம்மா பார்த்தவுடன் "இது கும்பிடுபூச்சிதானே" என்றார். கும்பிடுபூச்சி வேட்டையாடி உண்பது, இதுவோ இலை தின்று வாழ்வது. கடிக்காது, கொட்டாது, இறக்கையும் இல்லாததால் பறந்தும் போகாது. வீட்டில் பதினொரு வயது மகள் இருப்பதால் இதையெல்லாம் சரிபார்த்த பிறகே வளர்க்கலாம் என்று முடிவு செய்தேன். வனத்துறைக்கு உட்பட்ட காட்டிலிருந்து எந்தப் பூச்சியையும் எடுத்து வரக்கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவை மூன்றும் எங்கள் சொந்த வேலியில் கிடைத்தவை. அவற்றின் தீனியும் அதே வேலியில்தான் இருக்கிறது.

எந்த இனம் என்று தேடத் தொடங்கியபோதுதான் எனக்கு வியப்பு காத்திருந்தது. உலகெங்கும் பள்ளி வகுப்பறைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் நூறாண்டுக்கு மேலாக வளர்க்கப்பட்டு வரும் 'இந்தியக் குச்சிப்பூச்சி', அதாவது கராசியஸ் மொரோசஸ், 1901ஆம் ஆண்டில் ராபர்ட் தெ சினேத்தி என்ற பிரெஞ்சு ஆய்வாளரால் விவரிக்கப்பட்டது. அதற்கான மாதிரிகள் கிடைத்த இடங்களுள் ஒன்று கொடைக்கானலை அடுத்த செண்பகனூர். இயேசு சபையினர் 1895இல் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கிய அதே செண்பகனூர். எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் சரிவு. முன்கால்களின் அடிப்பகுதியில் உட்புறமாக இருக்கும் சிவப்புத் திட்டு, இறக்கையின்மை, பின்னால் ஆணே இல்லாமல் முட்டையிட்டது என்று எல்லா அடையாளங்களும் என் பூச்சிகளுடன் ஒத்துப்போயின. லண்டனிலும் பாரிஸிலும் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கும் பூச்சியை அதன் பிறந்த ஊரில் நாங்கள் களையோடு சேர்த்து வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

முதல் இருப்பிடமாக, பரணில் கிடந்த பழைய மீன் தொட்டியைக் கழுவி வைத்தேன். அறுபது சென்டிமீட்டர் நீளமும் முப்பது சென்டிமீட்டர் உயரமும் உள்ள அந்தத் தொட்டியின் மேல் கொசுவலைத் துணியைக் கட்டி, அடியில் தோட்டத்து மண்ணைப் பரப்பி, ஊறுகாய்ப் பாட்டிலில் நீர் ஊற்றி ராஸ்பெர்ரிக் கிளைகளைச் செருகினேன். படித்த குறிப்புகள் அனைத்தும் 'நாள்தோறும் நீர் தெளியுங்கள், ஈரம் குறைந்தால் தோலுரிப்பு தடைப்படும்' என்று சொன்னதால், காலையும் மாலையும் கைத்தெளிப்பானால் நீர் தெளித்தேன். இந்த ஒரு பழக்கம்தான் முதல் மாதத்தின் பல தொல்லைகளுக்கும் வேராக இருந்தது.

அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள், குளிர்காலத்தில் சூடேற்றி உலர்ந்துபோன அறைகளில் பூச்சி வளர்ப்பவர்கள். ஜூலையில் எங்கள் வீட்டில் துவைத்த துணி மூன்று நாள் காய்வதில்லை. உப்பு ஜாடியில் உப்பு கசிகிறது. வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறிய கருவி ஒன்றை வாங்கித் தொட்டிக்குள் வைத்தபோது, காலை ஏழு மணிக்கு அது 94 சதவீதம் என்று காட்டியது. கண்ணாடியின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் கோத்திருந்தன. மண்ணில் விழுந்த எச்சங்களின் மேல் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. இலைகள் வாடுவதற்கு முன்பே கறுத்து அழுகின. நான்கு பக்கமும் கண்ணாடி, மேலே மட்டும் வலை என்ற அமைப்பில் ஈரக்காற்று அடியிலேயே தேங்கிவிடுகிறது. பூச்சியின் சொந்த மலையில் அதற்கு நீர் தெளிக்க ஆள் தேவையில்லை, காற்றோட்டத்துக்குத்தான் ஆள் தேவை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆயினும் கூண்டை மாற்றியே ஆகவேண்டும் என்று தீர்மானித்தது பூஞ்சையைப் பார்த்தல்ல. ஜூலை 9 அன்று காலையில் பச்சைப் பூச்சிகளுள் ஒன்று, பாதி உரிந்த தோலுடன் தொட்டியின் அடியில் கிடந்தது. குச்சிப்பூச்சி தோலுரிக்கும்போது தலைகீழாகத் தொங்கும். பழைய தோல் மேலே பிடித்துக்கொண்டிருக்க, உள்ளிருக்கும் மென்மையான உடல் தன் எடையாலேயே கீழ்நோக்கி வழுக்கி வெளியே வரும். அதனால் தொங்கும் இடத்துக்குக் கீழே அதன் உடல் நீளத்தைப்போல இரண்டு மடங்காவது வெற்றிடம் வேண்டும்; கூண்டின் உயரம் முதிர்ந்த பூச்சியின் நீளத்தைப்போல மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது என்று வளர்ப்பவர்கள் சொல்வது இதனால்தான். நானோ, பசி எடுத்துவிடக் கூடாதே என்ற அக்கறையில், தொட்டியின் விளிம்புவரை இலையைத் திணித்து வைத்திருந்தேன். பாதி வழியில் அது ஒரு கிளையில் இடித்து விழுந்திருக்க வேண்டும். வலது பின்காலைத் தோலிலிருந்து விடுவிக்க முடியாமல், கடைசியில் அந்தக் காலையே கழற்றி விட்டுவிட்டு நகர்ந்தது. மகள் அழுதாள். கால் மீண்டும் முளைக்கும் என்று சொன்னேன், அவள் நம்பவில்லை.

புதிய கூண்டை நானே செய்தேன். பழைய சன்னலைப் பிரித்தபோது மிஞ்சிய மரச்சட்டங்களை அறுத்து, 35 சென்டிமீட்டர் அகலம், அதே அளவு ஆழம், 55 சென்டிமீட்டர் உயரம் கொண்ட ஒரு சட்டகமாகப் பொருத்தினேன். முதிர்ந்த பெண் பூச்சி எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் வரை வளரும் என்பதால் இந்த உயரம் தாராளமாகவே போதும். இரு பக்கங்களுக்கும் மேற்புறத்துக்கும் நைலான் கொசுவலை. முன்புறக் கதவுக்கு அக்ரிலிக் தகடு. பின்புறம் மெல்லிய பிளைவுட். நான்கு பக்கமும் வலையாக அடித்திருக்கலாமே என்று கேட்கலாம். மேற்கிலிருந்து மூடுபனி நேராக உள்ளே வரும் வீடு இது. ஒரு பக்கமாவது காற்றுக்கு மறைப்பு வேண்டியிருந்தது. வலையைச் சட்டத்தின் வெளிப்புறம் அடிக்காமல் உட்புறமாக இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளரால் அடித்தேன். அப்போதுதான் சட்டத்துக்கும் வலைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் பூச்சி சிக்காது. கூரையின் வலை தொய்வில்லாமல் விறைப்பாக இருக்க வேண்டும், ஏனெனில் அவை தோலுரிக்கத் தொங்குவது பெரும்பாலும் அங்கேதான். வார்னிஷ் வாடை பூச்சிக்கு ஆகாதோ என்ற தயக்கத்தில் உட்புறத்தை மரமாகவே விட்டுவிட்டேன்.

அடியில் மண் இல்லை, செய்தித்தாள்தான். நான்கு நாளுக்கு ஒருமுறை தாளைச் சுருட்டி எடுத்தால் வேலை முடிந்தது. கிளைகளைக் கூண்டின் ஒரு பாதியில் மட்டும் நிறுத்தி, மறுபாதியைக் கூரை முதல் அடிவரை காலியாக விட்டேன். நீர் தெளிப்பதை அடியோடு நிறுத்தவில்லை. கருவி 60 சதவீதத்துக்குக் கீழே காட்டும் நாளில் மட்டும், மாலையில், இலையின்மேல் மட்டும் தெளித்தேன். ஆகஸ்ட் முழுவதும் அப்படிப்பட்ட நாள் இரண்டுதான் வந்தது. அதன் பிறகு நடந்த தோலுரிப்புகள் அனைத்தும் தடையின்றி முடிந்தன. உரித்த தோலை அவை தாமே தின்றுவிடுவதால், பல நாள்கள் தோலுரித்த செய்தியே எங்களுக்கு நீளத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. கால் இழந்த பூச்சிக்கு அடுத்த தோலுரிப்பில் சுருண்ட சிறு முளையும், அதற்கடுத்ததில் மற்றவற்றைவிடக் குட்டையான, ஆனால் முழுமையான காலும் வந்துவிட்டன. மகள் அதற்கு 'நொண்டிச்சி' என்று பெயர் வைத்திருந்தாள். கால் வந்த பிறகும் பெயரை மாற்ற மறுத்துவிட்டாள்.

இவை இரவில் இயங்குபவை. சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச் விளக்கோடு ஒன்பது மணிக்கு மேல் பார்த்தால்தான், பகலெல்லாம் அசையாதிருந்தவை இலையின் விளிம்பைப் பிறை வடிவில் அரித்துக்கொண்டே போவது தெரியும். பழுப்பு நிறப் பூச்சி இரவில் கருமை கூடியும் பகலில் வெளிறியும் காணப்பட்டது. தோலின் உயிரணுக்களுக்குள் நிறமிகள் இடம்பெயர்வதால் இந்த மாற்றம் நிகழ்கிறது. பச்சைப் பூச்சிகளிடம் இது தென்படவில்லை.

ஆகஸ்ட் 21க்குள் மூன்றும் கடைசித் தோலை உரித்து முதிர்ச்சியடைந்தன. மூன்றும் பெண், இந்த இனத்தில் ஆண் மிக அரிது, பெண்ணே தனியாக முட்டையிட்டு அதிலிருந்து பெண்களையே பெறும். செப்டம்பர் 6 அன்று செய்தித்தாளின் மேல் முதல் முட்டையைப் பார்த்தேன்: இரண்டு மில்லிமீட்டர் அளவில், பழுப்பு நிற விதைபோல, ஒரு முனையில் மூடியும் அதன்மேல் மஞ்சள் நிறக் குமிழும் உள்ளது. ஒவ்வொன்றும் நாளுக்கு ஒன்றோ இரண்டோ போட்டது. போடுவது என்பதே சரியான சொல், ஏனெனில் எங்கும் ஒட்டாமல், மேலே இருந்தபடியே உதிர்த்துவிடுகிறது.

முட்டையையும் எச்சத்தையும் பிரிப்பது எனக்குப் பெரிய வேலையாகிப்போனது. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்த என்னை இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, ஒரு நாள் தாளோடு வாங்கிச் சிறிய முறத்தில் கொட்டி, அரிசியில் கல் கொழிப்பதுபோல் சாய்த்துத் தட்டினார். உருண்டையான முட்டைகள் உருண்டு ஓரத்துக்கு வந்தன. நீளமான, சொரசொரப்பான எச்சங்கள் பின்தங்கின. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் படித்த எந்த வளர்ப்புக் குறிப்பிலும் இந்த முறை இல்லை.

அடுத்த சிக்கல் எறும்பு. முட்டைகளை ஈரமணல் பரப்பிய தட்டில் வைத்திருந்தபோது, ஒரே இரவில் பத்துப் பன்னிரண்டு குறைந்துபோயின. சில குச்சிப்பூச்சி இனங்களின் முட்டையை எறும்புகள் அந்தக் குமிழுக்காகவே புற்றுக்குத் தூக்கிச்சென்று, குமிழை மட்டும் தின்றுவிட்டு மீதியை விட்டுவிடும் என்பதைப் பிறகு படித்தேன். காட்டில் அது முட்டைக்குப் பாதுகாப்பாகவும் அமையலாம். என் அலமாரியில் அது கணக்கைக் குழப்பியது. சமையலறை அலமாரிக் கால்களுக்கு வைப்பதுபோல, மேசைக் கால்களுக்கு நீர்க் கிண்ணம் வைத்த பிறகு இழப்பு நின்றது.

நவம்பர் முடிவில் முட்டைகள் 340ஐத் தொட்டன. இத்தனையும் பொரித்தால் வீடு தாங்காது. வெளிநாடுகளில் வளர்ப்பவர்கள் மிகுதி முட்டைகளை உறைபெட்டியில் வைத்து அழித்துவிடுகிறார்கள், அதுவே சரியும்கூட. கலிபோர்னியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வளர்ப்பிலிருந்து தப்பிய இதே பூச்சி தோட்டங்களில் நிலைகொண்டுவிட்டது. சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர்கள் மிகுதியை வெளியே விடவே கூடாது. எங்களுக்கு மட்டும் வேறொரு வழி இருந்தது. முப்பது முட்டைகளை வைத்துக்கொண்டு, மற்றவற்றை, தாய்ப்பூச்சிகளை எடுத்த அதே ராஸ்பெர்ரிப் புதரின் அடியில் சருகுகளுக்கிடையே தூவிவிட்டோம்.

டிசம்பர், ஜனவரிப் பனிக்காலம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரவில் அறையின் வெப்பம் 9 டிகிரி வரை இறங்கியது; பூச்சிகள் குறைவாகத் தின்றன, முட்டையிடுவதும் குறைந்தது. விளக்கு எரித்துச் சூடேற்றிப் பார்த்ததில் இலைதான் உலர்ந்தது. சன்னலோரத்திலிருந்து, சமையலறைச் சுவரை ஒட்டிய உள்ளறைக்குக் கூண்டை மாற்றியதே போதுமானதாக இருந்தது. வெப்பத்தைவிடப் புகைக்குத்தான் அஞ்ச வேண்டும்: விருந்தினர் யாரும் அந்த அறையில் கொசுவர்த்தி கொளுத்தாமல் பார்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 9 அன்று முதல் குஞ்சு பொரித்தது. ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய, நூல்போன்ற உடல். ஒரு பின்காலில் முட்டையின் ஓடு ஒட்டிக்கொண்டே இருந்தது. இங்கேதான் நீர் தெளிப்பு உண்மையிலேயே உதவியது, ஏனெனில் பனிக்காலக் காற்று வறண்டிருந்தது, மணலும் உலர்ந்துபோயிருந்தது. மணலை நனைத்த பிறகு பொரித்தவை ஓடின்றி வெளிவந்தன. மார்ச் நடுவில் முப்பதில் பதினேழு பொரித்திருந்தன. பெரிய கூண்டில் விட்டால் இவை தீனியைத் தேடியே களைத்துவிடும் என்பதால், வாய்க்கு வலை கட்டிய அகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன். நீர்ப் பாட்டிலின் வாயைப் பஞ்சால் இறுக அடைத்தேன். அடைக்காமல் விட்ட முதல் நாளில் ஒன்று மூழ்கி இறந்துவிட்டது.

இன்னும் நான்கை இழந்தது முழுக்க என் அவசரத்தால். தளிர் இலை கிடைக்காத வாரத்தில், ஒரு நாற்றங்காலிலிருந்து ரோஜாச் செடி வாங்கி, கழுவிக்கூடப் பார்க்காமல் அதன் இலையைக் கொடுத்தேன். இரண்டு நாளில் நான்கு குஞ்சுகள் கால் இழுத்துக்கொண்டு இறந்தன. விற்பனைக்கு வளர்க்கும் ரோஜாவில் பூச்சிமருந்து இல்லாதிருக்காது என்பதை ஒரு கணம் யோசித்திருக்கலாம். அந்தச் செடியைத் தனியே நட்டிருக்கிறேன். அதன் புதுத் துளிர்களைக்கூட இந்த ஆண்டு தொடப்போவதில்லை. மீதி இருப்பவற்றுக்குப் பழைய ராஸ்பெர்ரி இலையின் விளிம்பைக் கத்தரித்துக் கொடுக்கிறேன். முற்றிய இலையின் கெட்டியான ஓரத்தைக் குஞ்சுகளால் கடிக்க முடிவதில்லை, வெட்டிய ஓரத்திலோ மறுநாளே அரிப்புத் தெரிகிறது.

இப்போது பன்னிரண்டு குஞ்சுகள் இருக்கின்றன. நொண்டிச்சி உட்பட இரண்டு முதிர்ந்தவை உயிரோடு உள்ளன. குஞ்சுகள் இரண்டாம் தோல் உரித்ததும் பெரிய கூண்டுக்கு மாற்றவேண்டும். அதற்குமுன் கதவின் கீல் பக்கத்தில் இருக்கும் மூன்று மில்லிமீட்டர் இடைவெளியை அடைக்க வேண்டும். பெரியவை அதன் வழியே வரமுடியாது, இவை நிச்சயம் வந்துவிடும். தையல்காரரிடம் கம்பளித் துணியின் துண்டுகள் வாங்கி வைத்திருக்கிறேன், இந்த ஞாயிறு ஒட்டிவிடலாம் என்றிருக்கிறேன்.