சுருக்கம் விழும்வரை

மே 6
விழுந்ததில் குதிகால் உடைந்து வீக்கம். கால் தலையணைமேல், நான் கீழே.

மே 7
சிடி ஸ்கேன் படத்தைப் பெரிய டாக்டர் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டினார். குதிகால் எலும்பின் மேல் மூட்டுப் பரப்பு மூன்று துண்டு. துண்டுகளை வைத்து உடைவைப் பிரிக்கும் சாண்டர்ஸ் முறையில் மூன்றாம் வகையாம். குதிகால் எவ்வளவு தட்டையாகிவிட்டது என்று காட்டும் போலர் கோணம் 20 முதல் 40 டிகிரி வரை இருக்க வேண்டும், எனக்கு 5. முதுகையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். உயரத்திலிருந்து விழுந்தால் அடி முதுகெலும்புவரை ஏறக்கூடுமாம். எனக்கு ஏறவில்லை. புகைப்பழக்கம் உண்டா என்றார். அக்கா என்னையே பார்த்தாள்.

மே 8
தூக்கம் வரவில்லை. அறுவைக்குப் பெரியவர் சொல்லும் அந்த எல் வடிவக் கீறல்தான் கண்ணுக்குள் நிற்கிறது. வெளிக் கணுக்காலுக்குப் பின்னால் இறங்கி, பாதத்தின் ஓரமாக முன்னால் திரும்பும். தோலை எலும்புவரை ஒரே மடலாகத் தூக்கிக் கம்பிகளால் பிடித்துக்கொண்டால் எலும்பின் வெளிப்பக்கம் முழுதும் தெரியும். துண்டுகளைப் பிடிக்கும் உலோகத் தகடு வைக்க வசதி. ஆனால் மடலுக்கு ரத்தம் தருவது பெரும்பாலும் ஒரு சிறு தமனி. கீறல் திரும்பும் அந்த மூலைதான் முதலில் கறுக்கும். தோல் போனால் அடியில் தகடு, கிருமி, மறுபடி கத்தி.

இளைய டாக்டர் சொல்வது சைனஸ் டார்சை என்ற, கணுக்காலுக்கு முன் கீழே உள்ள எலும்புக் குழி வழி. கணுக்கால் முனைக்குக் கீழே சில சென்டிமீட்டர் கீறல். மூட்டுப் பரப்பு நேராகத் தெரியும். மற்றதை, குதிகாலில் முள் குத்தி இழுத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி நிமிர்த்த வேண்டும்.

"பார்க்காமல் எதை நிமிர்த்துவது?" என்கிறார் பெரியவர்.
"பார்த்துவிட்டு மூட முடியாமல் போனால், சார்?" என்கிறார் இளையவர்.
படுக்கையில் கிடப்பவனை இருவரும் கேட்கவில்லை.

மே 9
ஒரு கொப்புளம் உடைந்தது. தெளிந்த நீர். ரத்தக் கொப்புளம்தான் ஆழமானதாம். நல்ல செய்தி என்றார்கள், சரி.

மே 11
பாதத்தை மேலே மடக்கி வெளிப்புறம் திருப்பிப் பார்த்தார்கள். தோலில் சுருக்கம் விழுந்தால்தான் வீக்கம் வடிந்தது, கத்தி வைக்கலாம் என்று அர்த்தமாம். விழவில்லை. பளபளவென்று, பழுத்த கத்திரிக்காய்போல.

மே 12
ஒரே ஒரு சிகரெட். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அந்த மூலைக்கு வரும் கொஞ்ச ரத்தமும் நிற்கும். தெரியும். இருந்தாலும் ஒன்று.

பிரிட்டனில் 151 பேரை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஆய்வைப் படித்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, அறுவை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வலியிலும் நடையிலும் பெரிய வேறுபாடில்லை. சிக்கல்களோ செய்தவர்களுக்கு 23 சதவீதம், செய்யாதவர்களுக்கு 4 சதவீதம். குதிகால் மிகவும் உருக்குலைந்தவர்களை அதில் சேர்க்கவில்லை. நான் எந்தக் கூட்டம்? அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "டாக்டரிடம் கேள் தம்பி, என்னிடம் ஏன் கத்துகிறாய்?" என்றாள்.

மே 13
கேட்டேன். குதிகால் அகன்று வெளிப்புறத் தசைநாண்களை நெருக்குகிறது, சும்மா விட்டால் செருப்புகூட நுழையாது என்றார் பெரியவர்.

மே 14
தோல் ஆறக் காத்திருக்கிறோம், எலும்பு காத்திருக்கவில்லை. இரண்டு வாரம் தாண்டினால் துண்டுகள் ஒட்டத் தொடங்கும். பிறகு சின்னக் கீறல் வழியே அவற்றை அசைப்பது கடினமாம். இதை முதல் நாளே சொன்னால் என்ன!

மே 15
சுருக்கம்! மெல்லிய நான்கைந்து கோடுகள். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "புகைக்கிற ஆள். சின்னதே போதும்," என்று இளையவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மே 16
ஒப்புதல் படிவம். பாதத்தின் வெளி ஓரத்துக்கு உணர்வு தரும் சூரல் நரம்பு மரத்துப்போகலாம். கிருமி தொற்றலாம். பின்னாளில் மூட்டு தேய்ந்து, குதிகால் எலும்பையும் அதன் மேல் எலும்பையும் ஒன்றாகப் பூட்டவேண்டி வரலாம். எந்தக் கீறலானாலும் இந்த வரி உண்டாம். பேனா எழுதவில்லை. வேறு பேனா எடுத்துவர அக்கா போயிருக்கிறாள்.