பட்டைக்கு நடுவே அடைத்த துரு

எங்கள் வீட்டுப் பின்பக்கம் நிற்கிற வண்டி லேன்ட் ரோவர் சீரிஸ் 3, 88 அங்குலக் குட்டை மாடல், 1971-லிருந்து 1985 வரை வந்தது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உரமூட்டை ஏற்றியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு என் கைக்கு வந்தது. கொஞ்ச காலமாகவே சின்னக் குழியில் இறங்கினாலும் முதுகுத்தண்டு வரை இடிக்கும். பார்த்தவர்கள் எல்லாம் ஸ்பிரிங் செத்துப்போச்சு, நாலையும் புதுசா மாத்திடு என்றார்கள்.

எனக்கு மனசு வரவில்லை. இந்த வண்டியின் ஸ்பிரிங் சுருள் இல்லை, வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது. பின்பக்கத்து ஜோடியை இறக்கிப் பார்த்தேன். ஒரு பட்டையில்கூட வெடிப்பு இல்லை, ஆனால் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே துரு பொருக்குப் பொருக்காக அடைத்துக்கொண்டு, மொத்தமும் ஒரே இரும்புக் கட்டை மாதிரி இறுகியிருந்தது. பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தானே ஸ்பிரிங் வளையும்? பொட்டாஷ் உரமும் ஒருவகை உப்புதான், மழை ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைச் சும்மா விடாது. இத்தனை வருஷம் அதைச் சுமந்தும் வெடிக்காமல் இருந்ததே, அதற்காகவே இந்தப் பட்டைகள்மேல் எனக்குத் தனி மரியாதை.

பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட்டை மட்டும் அவசரப்பட்டு அவிழ்க்காதீர்கள். ஒவ்வொரு பட்டைக்கும் வளைவு வேறு, போல்ட் விட்ட நொடியில் விரிந்து கையை அடித்துவிடும். இரண்டு பக்கமும் ஜி கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, நட்டை எடுத்து, அப்புறம் கிளாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். நான் பட்டைகளுக்கு வரிசையாகச் சாக்பீஸில் எண் போட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவி மறுபடி அடுக்கினேன். இரண்டு நாள் போனது.

பக்கத்து வீட்டு மாமா அந்தக் காலத்துத் தோட்ட டிரைவர். வேலியோரம் நின்றபடியே, "தம்பி, வலதையும் இடதையும் கலந்துடாதப்பா" என்றார். டிரைவரும் எண்ணெய் டேங்கும் வலப்பக்கம் என்பதால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங்குக்கு வளைவு கூடுதல். மாற்றிப் போட்டால் வண்டி சாய்ந்து நிற்கும்.

ஸ்பிரிங் முனையின் கண்ணுக்குள் இருக்கிற புஷ், அதாவது இரண்டு இரும்புக் குழாய்க்கு நடுவே ரப்பர் வைத்தது, பழசானால் லேசில் வராது. கேஸ் வைத்துச் சிவக்கச் சுட்டால் பட்டையின் பதமே போய்விடும், அதனால் ரப்பரை எடுத்துவிட்டு, வெளிக்குழாயை ரம்பத் தகட்டால் பொறுமையாக அறுத்துத் தட்டி எடுத்தேன். ஸ்பிரிங்கை அச்சோடு கட்டிப் பிடிக்கிற யூ போல்ட் நாலும் புதுசு, இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

முன்பு ஒருமுறை பட்டறையில், வண்டி ஜேக்கில் தொங்கும்போதே ஸ்பிரிங் முனையைச் சட்டத்தோடு இணைக்கிற ஷேக்கிள் போல்ட்டை முழுசாக முறுக்கிக் கொடுத்துவிட்டார்கள், சில மாதத்தில் புஷ் கிழிந்துவிட்டது. இந்தப் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். தொங்குகிற நிலையில் உள்குழாயைப் பிடித்து இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, அந்த முறுக்கிலேயே நாளெல்லாம் ஓடும். நாலு சக்கரமும் தரையில் பதிந்து, வண்டி தன் பாரத்தில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு. இந்த முறை அப்படித்தான் செய்தேன்.

மறுநாள் காலை செம்மண் பாதையில் ஓட்டினேன். அதே குழிகள்தான், ஆனால் பின்பக்கம் அமுங்கி எழுவது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. அவ்வளவு சந்தோஷம். ஒரு வாரம் ஓடியதும் யூ போல்ட் நட்டுகளைச் சோதித்தேன், இரண்டு கொஞ்சம் தளர்ந்திருந்தன, மறுபடி இறுக்கினேன். முன்பக்கத்து ஜோடி இன்னும் பாக்கி, தீபாவளிக்குள் இறக்கிவிடுவேன்.