சென்ட்ரல் லைன் சாம்பிள்: ஆஸ்கியில் மார்க் போகிற இடம்

ஆஸ்கி (எக்ஸாமினர் முன்னால் செய்து காட்டும் மருத்துவச் செய்முறைத் தேர்வு) ரிசல்ட் வந்துவிட்டது, பாஸாகிவிட்டேன். சென்ட்ரல் லைனில், அதாவது இதயத்துக்கு அருகே பெரிய ரத்தக்குழாயில் போட்டிருக்கும் குழாயில், ரத்தம் எடுப்பது பற்றி அடுத்த பேட்ச்சுக்கு ஒரே ஒரு விஷயம்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கை கழுவுவதையும் பேர் கேட்டுச் சரிபார்ப்பதையும் எல்லோரும் செய்துவிடுவீர்கள். மார்க் போவது, ஓடிக்கொண்டிருக்கும் டிரிப்பில்.

சாம்பிள் எடுக்கும் லூமனில் (லைனுக்குள் இருக்கும் தனித்தனி வழிகளில் ஒன்று) ஓடுவதை மட்டும் நிறுத்தினால் போதாது. மூன்று லூமனும் ஒரே ரத்தக்குழாய்க்குள்தான் திறக்கின்றன. பக்கத்தில் 5% டெக்ஸ்ட்ரோஸ் ஓடுகிறதா? அதில் 100 மில்லிக்கு 5000 மி.கி. குளுக்கோஸ். நாலரை மில்லி ரத்தத்தில் அரை மில்லி கலந்தால் போதும், சர்க்கரை 100 உள்ளவருக்கு 600 பக்கம் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

நிறுத்தக்கூடிய எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 2 நிமிடமாவது காத்திருங்கள். பிபியைத் தாங்கிப் பிடிக்கும் நோர்அட்ரினலினை நிறுத்தக்கூடாது. அந்த லூமனை ஃப்ளஷ் பண்ணவும் (சலைன் தள்ளிக் கழுவவும்) கூடாது. உள்ளே நிற்கும் மருந்து மொத்தமாகப் போய் பிபி எகிறிவிடும். அப்படிப்பட்ட பேஷன்ட் என்றால், "கையில் குத்தி எடுப்பேன்" என்று எக்ஸாமினரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். டிபிஎன் (ரத்தக்குழாய் வழியே கொடுக்கும் உணவுக் கரைசல்) ஓடும் லூமனைத் தொடவே வேண்டாம்.

எடுக்க வேண்டியது ப்ராக்ஸிமல் லூமனில். இதயத்திலிருந்து தள்ளித் திறப்பது அதுதான். நிறத்தை நம்பாதீர்கள், ஹப்பில் (லூமனின் வெளி முனையில்) அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

பிறகு:
- ஹப்பை 15 விநாடி தேய்த்துக் காயவிடுங்கள். கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) என்றால் ஹப்பில் மாட்டியிருக்கும் கனெக்டரையே மாற்றுங்கள்.
- 10 மில்லி சிரிஞ்சில் சலைன் ஃப்ளஷ். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் கூடும்.
- 5 மில்லி ரத்தம் இழுத்து டிஸ்கார்ட், அதாவது அப்புறப்படுத்துங்கள். கல்ச்சருக்கு இது வேண்டாம்.
- புது சிரிஞ்ச், மெதுவாக. வெடுக்கென்று இழுத்தால் சிவப்பணு உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறும்.
- சிரிஞ்சைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கிளாம்ப். இல்லையென்றால் காற்று உள்ளே போகும்.
- கடைசியில் 20 மில்லி சலைன், விட்டு விட்டுத் தள்ளுங்கள்.

ரத்தம் வரவில்லையா? தலையைத் திருப்பச் சொல்லுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், இருமச் சொல்லுங்கள். அடைத்திருந்தால் வலுவாகத் தள்ளவே கூடாது.

சாம்பிள் டியூபில் நீல மூடி (ரத்தம் உறைவதைப் பார்க்கும் சோதனைக்கு) முதலில், கோடு வரை நிரம்ப வேண்டும். இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) டியூபில் பொட்டாசியம் இருப்பதால் அது பின்னால்தான். ஹெபரின் லாக் போட்ட (அடைக்காமலிருக்க உறைவுத் தடுப்பு மருந்து நிரப்பி வைத்த) லைனில் எடுத்த ஏபிடிடியை (ரத்தம் உறையும் நேரச் சோதனையை) நம்ப முடியாது.

நிறுத்திய டிரிப்பை மறுபடி ஓட விடுவதைப் பதற்றத்தில் மறந்துவிடுவோம். கிளாம்பைத் திறந்து, பம்ப் ரேட்டைச் சார்ட்டோடு ஒப்பிட்டு, சேம்பரில் சொட்டு விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கிளவுஸைக் கழற்றுங்கள்.